ரிவர்ஸ் எடுக்கும்போது

என் லைல்,

சனிக்கிழமை கார் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற கேரவன் வீடு வாங்கப் போறியாமே, நர்ஸ் சொல்லித்தான் தெரியும். கையில டிரிப்ஸ் ஊசி குத்தியிருக்கு, எழுத்து கோணலாத்தான் வரும், பொறுமையாப் படி.

விக்கிறவன் பேச்சை நம்பாதே, உன் மூக்கை நம்பு. அலமாரியைத் திறந்து மோந்து பாரு. ஈர வாடை அடிச்சா கூரை ஒழுகுதுன்னு அர்த்தம், பேசாம வந்துடு. எனக்கும் சேத்து இடம் பாக்காதே. ஒத்தைக் கட்டில் போதும்.

ரிவர்ஸ்தான் உனக்கு வராது. போன வருஷம் ஏரிக்கரையில வாடகை கேரவனை ரிவர்ஸ்ல நிறுத்துறதுக்குள்ள நாம போட்ட சண்டையை எல்லாரும் நாற்காலி போட்டு உக்காந்து பாத்தாங்க. "இன்னிக்கு டிவியே வேண்டாம்பா"ன்னு ஒரு ஆளு சிரிச்சாரே! இனிமே அப்படி உக்காந்திருக்கிற ஆளையே கூப்பிட்டு பின்னாடி நிக்கச் சொல்லு. கூச்சப்படாதே. கண்ணாடியில அவர் தெரியலன்னா அந்த இடத்துலயே பிரேக்கைப் போடு.

அது ரிவர்ஸுக்கு மட்டும்தான், லைல். நாம சேந்து போகலாம்னு இருந்த அரிசோனா ரோட்டுல முன்னாடி போறப்ப கண்ணாடியில என்னைத் தேடாதே. நான் தெரியலன்னு வண்டியை நிறுத்திடாதே. நீ பாட்டுக்கு ஓட்டிக்கிட்டே போ.

உன்னோட,
பின்னாடி நின்னு கத்தினவ