காட்டில் பேர் சொல்லக் கூடாது

சித்திரை 18, வெள்ளி. மலையடிவாரம்.

காலையிலிருந்தே அனல் காற்று. கிணத்துக்கடவில் கிளம்பி வண்டி இங்கே வந்து சேர விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. ஒரு எருதுக்குக் குளம்பில் காயம். வண்டிக்காரர் மாரண்ணனின் உறவுக்காரர் வீட்டில் இன்று தங்கல். மாட்டுக்கொட்டகை வாசனை, கொசு, ஆனாலும் மலை இவ்வளவு பக்கத்தில்!

ஊரில் கிணறு வற்றிப்போய் மாடுகளுக்குத் தண்ணீர் இல்லை. அண்ணா பங்குனியிலேயே எல்லாவற்றையும் மலை மேலே மாட்டுப்பட்டிக்கு ஓட்டிப் போய்விட்டார். அவருக்குச் சாமான் கொண்டு போகிறோம், அண்ணியும் நானும். பள்ளிக்கூடம் லீவு. மலையில் பார்க்கும் செடி, பறவை எல்லாம் குறித்து வரச் சொல்லியிருக்கிறார் டீச்சர்.

சாமான்: மாட்டுக்கு உப்பு (தலைச்சுமை, என்னுடையது), சோளச்சோறு, வெங்காயம், நிலக்கடலை, பொரிவிளங்காய் உருண்டை, விளக்கெண்ணெய் ஒரு புட்டி, தீப்பெட்டி. என் பையில் இந்த நோட்டு, பென்சில் ஒன்று, சரித்திரப் புத்தகம்.

அம்மா சொல்லி அனுப்பியவை: காட்டில் சிரிக்காதே. பூ வைக்காதே. யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே ஏன் என்று கேட்காதே. மூன்றாவது தடவைக்குத்தான் வாய் திறக்க வேண்டும். முனி ஒரே ஒரு தடவைதான் கூப்பிடுமாம். பட்டியில் ஆள்கள் எப்படிக் குரல் கொடுப்பார்கள் என்று பொங்கலன்று அண்ணா வாயில் கை குவித்துச் செய்து காட்டியபோது கூட, வீட்டுக்குள் முனியைக் கூப்பிடுகிறாயா என்று அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

அண்ணி முழுகாமல் இருக்கிறாள். அண்ணாவுக்குத் தெரியாது. நேரில், தன் வாயால் சொல்ல வேண்டுமாம். முன்பு இரண்டு தடவை கரு தங்கவில்லை, அதனால் அம்மா தடுத்தாள். அண்ணி கேட்கவில்லை. “போன ரெண்டு தடவையும் ஊட்டுக்குள்ளயே படுத்துத்தானுங்க அத்தை கெடந்தேன். என்னாச்சு?”

அம்மா உருண்டை பிடிக்கப் போய்விட்டாள்.

இன்னொன்று, மறக்குமுன். அண்ணா பேர் நாச்சிமுத்து. அதனால் அண்ணி கொட்டமுத்து என்று சொல்லமாட்டாள். “அந்த விளக்கெண்ணெய்க் கொட்டை” என்பாள். முத்துமாலை அவளுக்கு “வெள்ளைமணி”. புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையுமாம். இன்று வண்டியில் அண்ணியிடம் (எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவோம்) சும்மா கேட்டேன்: “நங்கை, சிப்பிக்குள்ள என்ன இருக்கும்?” தொடையில் கிள்ளிவிட்டாள். இன்னும் எரிகிறது.


சித்திரை 19, சனி. எங்கே என்று தெரியவில்லை.

வழி தவறிவிட்டோம். எழுதினால் பயம் குறையுமா என்று பார்க்கிறேன். குறையவில்லை.

நடந்தது வரிசையாக. எருதுக்கு மருந்து வைத்துவிட்டு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றார் மாரண்ணன். அண்ணிக்குப் பொறுக்கவில்லை. “ஒரே மாட்டுத்தடந்தானுங்க. நாங்க முன்னால போயிட்டிருக்கறோம், நீங்க பொறகால வாங்க.” ஏறினோம். பாதி மலையில் இடப்பக்கம் மரமணிச் சத்தம். அண்ணி நின்று தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“நம்ம மயிலை மாட்டோட மணி, அம்மணி. நான் கட்டி உட்டதாச்சே, எனக்குத் தெரியாதா? பட்டி வந்திருச்சு.”

தடத்தை விட்டு மணியின் பின்னால் இறங்கினோம். மணி கீழே. இன்னும் கீழே. பிறகு சத்தமே இல்லை. மாடும் இல்லை, தடமும் இல்லை. காய்ந்த பள்ளத்தைத் தாண்டும்போது அண்ணியின் கால் பாறை இடுக்கில் பிசகிவிட்டது. கணுக்கால் வீங்கிப் பளபளவென்று இருக்கிறது. ஊன்ற முடியவில்லை.

நான் ஓடினேன். வழி தேடி என்று எழுத ஆசை. இல்லை, சும்மா ஓடினேன். எல்லா மரமும் ஒரே மரம். விரல் எல்லாம் மரத்துப்போனது, செத்துப்போகிறேன் என்றே நினைத்தேன். அப்போது பின்னால் அண்ணி குரல்.

“ஏ அம்மணி! என்னைய உட்டுப்போட்டு எங்க போற? உப்பு மூட்டைய வேற எந்தலைல கட்டிப்போட்டு!”

அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். வந்ததும் என் தாவணி நுனியைத் தன் முந்தானையோடு முடிந்துவிட்டாள். முடிச்சு இப்போதும் இருக்கிறது. பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன். பதினாறு ஏழு வரவில்லை. அதைத் தேடியதில் நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. நூற்றுப் பன்னிரண்டு.

“அண்ணா! அண்ணா!” என்று மத்தியானம் முழுதும் கத்தினேன். தொண்டை புண்.

தண்ணீர்: பாறைக் குழியில் ஒன்றரைக் குடம் இருக்கும். புழு நெளிகிறது. முந்தானையில் வடிகட்டிக் குடித்தோம். பக்கத்தில் யானைச் சாணம், காய்ந்தது. காய்ந்ததுதானா என்று அண்ணி மிதித்துக் காட்டச் சொன்னாள்.

மாலை. இதை எப்படி எழுதுவது? வெயில் இறங்கும்போது எதிர் மேட்டிலிருந்து ஒரு குரல். “சரசூ…”

என் பேர். அண்ணாவின் குரல் மாதிரியே. எழுந்து வாயைத் திறந்தேன். அண்ணி முடிச்சைப் பிடித்து இழுத்து மடியில் தள்ளி என் வாயைப் பொத்தினாள்.

“பொறு. மூணு தடவை வரட்டும்.”

காத்திருந்தோம். அண்ணியின் உள்ளங்கையில் வெங்காய வாசனை. அவள் மற்றொரு கை வயிற்றின் மேல். இரண்டாவது தடவை வரவே இல்லை. வண்டுச் சத்தம் மட்டும்.

“பாத்தியா?” என்றாள். “ஒருக்காத்தான் கூப்புட்டுது.”

முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சு போட்டாள்.


சித்திரை 20, ஞாயிறு.

மேகமே இல்லை. பென்சில் முனை ஒடிந்தது. பாறையில் தேய்த்துத் தீட்டினேன். சிக்கனம்: இனி அண்ணி = அ. அண்ணாவை முழுதாக எழுதுவேன்.

ராத்திரி தீ போட்டோம். தூங்கவில்லை. அதைப் பற்றி எழுத மாட்டேன்.

பயத்தைக் காட்டிலும் கொடுமை ஒன்று இருக்கிறது என்று இன்று தெரிந்தது. சலிப்பு. வெயில் நகரவே இல்லை. சரித்திரப் புத்தகத்தைப் படித்தேன். எந்த ராஜாவும் காட்டில் சும்மா உட்கார்ந்திருந்ததாக இல்லை. காட்டுக்குப் போனால் உடனே வேட்டை, உடனே யுத்தம். அ.வுக்கு வாசித்துக் காட்டினேன். “இத்தனை பேரு செத்திருக்கறாங்க, ஒருத்தன் பெண்டாட்டி பேருகூட இல்லையே” என்றாள். பிறகு அதைத் தீ மூட்ட எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். பின் அட்டையும் பொருளடக்கமும் கொடுத்தேன்.

பாறையில் கரியால் கோடு கிழித்து ஆடு புலி ஆட்டம். உப்புக் கல் ஆடுகள், கடலை புலி. அ. புலி. தோற்கும்போது புலியைத் தின்றுவிட்டாள்.

“ஏனுங்க நங்கை, இது அநியாயம்!”

“பசிச்ச புலி அம்மணி. ரெண்டு பேருக்குத் திங்குது.”

சிரித்துவிட்டோம். காட்டில் சிரிக்கக் கூடாது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டோம்.

கொஞ்ச நேரம் அடுத்தடுத்து உட்கார்ந்தும் தனியாக இருந்தோம். அவள் வயிற்றோடு ஏதோ பேசுகிறாள், எனக்குக் கேட்காதபடி. எனக்குப் பேச அப்படி யாரும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன் போல. வீட்டில் அம்மா இன்னேரம் மோர் கடைவாள். நாங்கள் பட்டியில் சுகமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பாள். மாரண்ணன் பட்டிக்கு ஏறினாரா, எருதோடு திரும்பிவிட்டாரா, அதுவும் தெரியாது. காணாமல் போனது யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் காணாமல் போவது.

மத்தியானத்துக்கு மேல் தூரத்தில் காய்ந்த சுள்ளி ஒடியும் சத்தம், ஆள் நடை. நேற்றுக் கத்தியதில் எனக்குக் குரலே எழும்பவில்லை. நாளெல்லாம் பேசிய அ. கத்தினாள்:

“ஏனுங்கோவ்! ஏனுங்கோ!”

நடை நின்றது. ஒரு ஆண் குரல், தெரியாத குரல், மிகவும் மரியாதையாக: “ஊட்டுக்காரரு மேல போயிருப்பாருங்கோ! வந்திருவாருங்கோ! பொறுங்கோ!”

“வழி தெரியலீங்கோ!” என்று அ. கத்துவதற்குள் காற்று எதிர்த்து அடித்தது. நடைச் சத்தம் போயே போய்விட்டது. எவளோ பட்டிக்காரி புருஷனைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, நல்லபடியாகப் பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டான்! அழுகையும் ஆத்திரமும்.

அ. முகம் வெளுத்திருந்தது. “அது ஆளுதானா அம்மணி?”

நான் காற்றாகக் கேட்டேன்: “முனி இத்தனை ‘ங்கோ’ போட்டுப் பேசுமாங்க நங்கை?”

யோசித்தாள். “நம்ம பக்கத்து முனின்னா பேசும்” என்றாள்.

மிச்சம்: உருண்டை மூன்று. கடலை ஒரு பிடி. உப்பு நிறைய.


சித்திரை 21, திங்கள்.

குழியில் தண்ணீர் சேறாகிவிட்டது. வடிகட்டினால் துணியில் சேறு, வாயில் இரண்டு சொட்டு.

விடியும்போது அ.வுக்கு அடிவயிற்றில் வலி. “ஒண்ணுமில்லை, பசி” என்றாள். போன இரண்டு தடவையும் இப்படித்தான் ஆரம்பித்ததா என்று கேட்டேன். சேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், கறை இருக்கிறதா என்று. இதுவரை இல்லை.

நான் மேலே ஏறிப்போய் ஆள் தேடுகிறேன் என்றேன். முடிச்சை இறுக்கினாள். “நீயும் போயிட்டா நானும் இதும் என்ன பண்ணுவோம்?” எனக்கும் போகப் பயம்தான். அவள் பிடித்துக்கொண்டது நிம்மதியாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

வெயில் ஏறும்போது மறுபடியும். மேட்டிலிருந்து. “சரசூ…”

ஒரே ஒரு தடவை. பிறகு நிசப்தம். அ. என் கையைப் பிடித்தாள்.

அந்த நிசப்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெறும் நிசப்தம் இல்லை அது. யாரோ நின்று காது கொடுக்கிற மாதிரி. சட்டென்று பொங்கலன்று அண்ணா வாயில் கை குவித்துக்கொண்டு சொன்னது ஞாபகம் வந்தது: “பட்டில ஒரு கொரலுதான் குடுக்கோணும். குடுத்துப்போட்டு நின்னு கேக்கோணும். திருப்பித் திருப்பிப் பேரைச் சொன்னா முனி படிச்சுக்கும்.”

பட்டி ஆள்கள் ஒரு தடவைக்கு மேல் கூப்பிட மாட்டார்கள். நாங்கள் மூன்றாவது தடவைக்கு முன் பேச மாட்டோம். சனிக்கிழமை வந்தது அண்ணாதான்!

அ. காதில் வாயை வைத்துக் காற்றாகச் சொன்னேன். இரண்டு தடவை சொல்லவேண்டி இருந்தது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். உடனே கத்தினாள்: “ஏனுங்கோவ்!”

எதுவும் இல்லை. எப்படி இருக்கும்? இந்த மலையில் எத்தனை பட்டி, எத்தனை பெண்பிள்ளைகள், எல்லோரும் ஏனுங்கதான். என் பேரைக் கத்தினால் தேடுகிற ஆள்களில் ஒருத்தி என்றுதான் நினைப்பார். என்னிடம் குரல் இருந்தால் நானே அவர் பேரைக் கத்தியிருப்பேன். முயன்றேன். கிணற்றுக் கப்பி மாதிரி ஒரு சத்தம்.

“நீங்கதான் சொல்லோணும் நங்கை. அண்ணா பேரை.”

“மாட்டேன்.”

“போயிருவாருங்க.”

“அவங்க ஆயுசு, அம்மணி! காட்டுல நின்னு, முனி காதுல உழுற மாதிரி நானே சொல்றதா?”

அவள் வயிற்றைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். தாலியை வெளியே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “மாசாணி தாயே, இது பேரு சொல்றதில்லை. கூப்பாடு. நீதான் கணக்கு வெச்சுக்கோணும்.”

பிறகு, மிகவும் மெதுவாக, எனக்கே சரியாகக் கேட்காமல், “நாச்சிமுத்து.”

“நங்கை! எனக்கா சொல்றீங்க?”

கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். “நாச்சிமுத்தூ!”

மலை அதைத் திருப்பிச் சொன்னது. பதில் இல்லை. அ. என்னைப் பார்த்த பார்வை, நான் ஒரு குற்றம் செய்ய வைத்துவிட்டேன் என்கிற மாதிரி.

“அவரும் அம்மா புள்ளைதானுங்க நங்கை” என்றேன். “மூணாவது தடவைக்குக் காத்திட்டிருப்பாரு.”

இரண்டாவது தடவை குரல் உடைந்துவிட்டது. மூன்றாவது, பாறையைப் பிடித்து ஒற்றைக் காலில் எழுந்து நின்று, மாடு ஓட்டுகிற குரலில். என் தாவணியும் கூடவே எழுந்தது.

நிசப்தம்.

பிறகு மேட்டில் கல் உருண்டது. “வாரேன்! அங்கயே இருங்க! வாரேன்!”

அண்ணா. செடிகள் முறிய இறங்கி வருகிற சத்தம் கேட்கிறது. பின்னால் மாரண்ணன் குரலும். அ. கீழே உட்கார்ந்து முந்தானையால் முகம் முழுதும் மூடிக்கொண்டாள். முடிச்சு இருப்பதால் என் தாவணியும் அவள் முகத்தில். அழுகிறாள் என்று நினைத்து விலக்கிப் பார்த்தேன். காது வரை சிவந்திருக்கிறாள்.

“அம்மணி,” என்கிறாள், “அவங்களுக்குக் கேட்டிருக்குமா?”