பகிடி யாருடையது

14, செவ்வாய்
விடிய முதலே மழை. குடை ஒஃபீசில். வாங்க: கோதுமை மா, பிரஷர் குளிசை, மனுசிக்குத் தெரியாமல் சீனி முறுக்கு.
நேற்றுக் காலை கிண்ணியாவில், கூட்டாளி நசீரின் கடையில் தேத்தண்ணி. ஆள் பள்ளிவாசல் நிர்வாகத்தில் செயலாளர். "மச்சான், ஒலிபெருக்கிச் சத்தத்தைக் குறைக்கிறதுக்கு ரெண்டு மணித்தியாலம் கூட்டம் வச்சம். கூட்டத்தையும் ஒலிபெருக்கியிலதான் வச்சம்!" எனக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது. பின்னேரமே பேஸ்புக்கில் போட்டேன். நசீரின் பேர் இல்லாமல். புகழ் முழுக்க எனக்கே. இருநூறு லைக். இன்று பெருமையில் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு நடை.

16, வியாழன்
புழுக்கம். பதிவை யாரோ படம் பிடித்து, பக்கத்தில் திருநீறு பூசின என் முகத்தையும் ஒட்டி, "எங்கட பள்ளி இவனுக்குப் பகிடியா?" என்று சுற்ற விட்டிருக்கிறார்கள். அதே வசனம்தான். அவன் சொன்னால் வீட்டுக்கதை, நான் சொன்னால் பகை. அழித்தேன். அழித்ததையும் படம் பிடித்துவிட்டார்கள்.
மீன்காரர்: "அண்ணை, பொலிசில முறைப்பாடாம், பிணையும் குடுக்க மாட்டாங்களாமே?" ரெண்டு சூடை மீன் கூடப் போட்டார். வழியனுப்புகிற மாதிரி.

18, சனி
பொலிசில் மூன்று மணித்தியாலம். மத வெறுப்பைத் தூண்டினேனாம். ஐ.சி.சி.பி.ஆர். சட்டம். பேச்சுச் சுதந்திரத்தைக் காக்கிற உடன்படிக்கையின் பேரிலேயே வந்த சட்டம் என்றார் லோயர். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போட்டால் மேல் நீதிமன்றம்தான் பிணை தரலாமாம்.
உத்தியோகத்தர் மரியாதையாகக் கேட்டார்: "கூட்டத்துக்கு நீங்கள் போகேல்லை. அப்ப ஆர் சொன்னது?"
இந்த ஒரு பகிடியைத் தவிர, ஆர் சொன்னதென்று சொல்லாமல் ஒரு கதையும் காவினவன் இல்லை நான். பேர் நாக்கு நுனிவரை வந்தது.
"கனவில கண்டனான் ஐயா."
அதையும் எழுதினார். திங்கள் திரும்ப வரட்டாம்.
பேரைச் சொன்னால் நான் தப்பலாம் என்கிறார் லோயர். அவன்? நிர்வாகம், கடை, மூன்று பெண்பிள்ளைகள்.

19, ஞாயிறு
அவனே எனக்குப் போன் எடுத்தான். சுகம்கூடக் கேட்கவில்லை.
"மச்சான், நீங்க எல்லாத்தையும் எழுதி வைக்கிற ஆள்தானே. இப்பவும் எழுதுறீங்களா?"
"சீச்சீ. எப்பவோ விட்டாச்சு."
வைத்துவிட்டான்.
செவ்வாய்ப் பக்கத்தில் பேரை அடித்தேன். மலிவுப் பேனை. எத்தனை தரம் அடித்தாலும் நசீர் நசீராகவே தெரிகிறான். ஐயோ, திரும்பவும் எழுதிவிட்டேன்.
வாசலில் ஜீப். திங்கள் என்றவர்கள். கொப்பி, டயறி ஏதும் இருக்கோ என்று கேட்கிறார்கள். என் மனுசிக்குப் பொய் வராது.
"ஓம் ஐயா, உள்ளுக்க இருந்து இப்பவும் எழுதிக்கொண்டுதான்