மண்டபத்தில் கேட்ட உன் குரல்

என் செல்ல நைனாவுக்கு,

நேத்து உன் குரலைக் கேட்டேன். நீ போனதுக்கப்புறம் முதல் தடவையா, கும்மிடிப்பூண்டி கல்யாண மண்டபத்துல, அத்தனை பேர் முன்னாடி.

நம்ம பழவேற்காட்டுப் பறவை சரணாலயத்தோட எல்லையைச் சுருக்கணும்னு ஒரு கம்பெனி கேட்குது. அதுக்கான கருத்துக் கேட்புக் கூட்டம். வேலைக்கு லீவு போட்டுட்டு வேப்பம்பட்டுலேர்ந்து போயிருந்தேன். "மீனவங்களே சரணாலயம் வேணாங்கிறாங்க, பாருங்க"ன்னு கம்பெனி ஆள் ஒரு பழைய வீடியோவைப் போட்டார். பார்த்தா, நீ! துண்டை உதறிக்கினு கத்துறே: "பறவைக்குச் சட்டம் கீது, எங்களுக்கு இன்னா கீது? எடுத்துக்கினு போங்க உங்க சரணாலயத்த!"

மண்டபமே சிரிச்சுது. நான் எழுந்து நின்னேன்.

உன் கோவம் பொய்யில்ல நைனா. ஃபாரஸ்ட்காரங்க வலையைப் பிடுங்கினாங்க, படகை மடக்கினாங்க, பேஜாருதான். ஆனா நம்ம பாடு வர்ற அன்னிக்கு நீ என்ன செய்வே? ஏரியில வலை போட ஊரு முறை வெச்சுக் கொடுக்கிற நாளு அது, விட்டா மறுபடி எப்பவோ. அந்த இடத்துல பூநாரைங்க மேஞ்சுக்கினு இருந்தா, படகை நிறுத்திட்டு உட்கார்ந்துடுவே. "சனியனுங்க, எப்பத்தான் போவும்"னு திட்டிக்கினே காத்திருப்பே. ஒரு நாள் கூட கை தட்டி விரட்டினதில்ல. அதை யாரு வீடியோ எடுத்தாங்க?

மைக்கை வாங்கிட்டேன். "அது எங்க நைனா. ஃபாரஸ்ட்காரங்களோட அவருக்கு இருந்தது எங்க ஊட்டுச் சண்டை. வலை போட விடுங்கன்னுதான் கேட்டாரு, பறவையை விரட்டுங்கன்னு கேக்கல. காட்டு உயிரைக் காப்பாத்துறது அரசாங்கத்தோட பொறுப்பு, குடிமக்களோட கடமைன்னு அரசியல் சட்டத்துலயே இருக்கு சார்…" மைக்கைத் திருப்பிக் கொடுத்துட்டேன். அதிகாரி எழுதிக்கினார். என்ன முடிவு வருமோ, தெரியல.

செத்துப்போன அப்பன் பேச்சை எதிர்த்து நின்னது தப்பா நைனா?

கூட்டம் முடிஞ்சதும் அந்தக் கம்பெனி ஆள்கிட்டயே போனேன். சண்டைக்கு வர்றேன்னு நினைச்சு ரெண்டடி பின்னால போனார். "சார், அந்த வீடியோவை எனக்கு அனுப்புங்க"ன்னேன். நம்ம ஊட்டுல உன் குரல் வேற எதுலயும் இல்லியே. ட்ரெயின்ல திரும்பத் திரும்பக் கேட்டுக்கினே வந்து, வேப்பம்பட்டுல இறங்காம செவ்வாப்பேட்டை வரைக்கும் போயிட்டேன்.

அடுத்த கூட்டத்தைத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ்ல வெச்சாலும் போவேன். மறுபடி உன்னைப் போட்டுக் காட்டட்டும். கடைசி வரைக்கும் கேட்டுட்டு, எழுந்து பேசுவேன்.

இப்பவும் உன்னை எதிர்த்துப் பேசுற,
உன் பொண்ணு.