கலங்கலுக்கு இரண்டு சாவி

1953, ஐப்பசி 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. குடைக்கம்பி முறிந்தது. மனைவி சகாயத்துக்கு மருந்து வாங்க விழுப்புரம் போய் வந்தேன். திரும்பும்போது கண்டமங்கலம் சாவடியில் சோதனை. பையில் மருந்துப் புட்டி, வறுத்த மல்லாட்டைக் கடலை. இந்தியாவிலிருந்து பிரெஞ்சுப் பாண்டிச்சேரிக்குள் மல்லாட்டை கடத்துகிறேனாம். சாவடிக்காரன் ஒரு கை அள்ளித் தின்றுவிட்டு என்னை விட்டான்.

ஏரி தளும்புகிறது. கலங்கல் கதவைத் திறந்து உபரித் தண்ணீரை விடாவிட்டால் எங்கள் சேரிக்குள்தான் ஏறும். எல்லாம் மண் சுவர். சகாயத்துக்கு எட்டாம் மாசம்.

திறக்க இரண்டு சாவி வேண்டும். போன தேர்தலில் இரு கட்சிக்கும் சம இடம். ஆகவே எங்கள் கொம்யூன் பஞ்சாயத்துக்கு இரண்டு தலைவர். மேர் அருளப்பர், பிரெஞ்சு மட்டும் பேசுவார். இணை மேர் கோவிந்தசாமி, தமிழ் மட்டும். எல்லா உத்தரவிலும் இரண்டு கையெழுத்து. கலங்கலுக்கும் இரண்டு பூட்டு, ஆளுக்கொரு சாவி. நடுவில் மொழிபெயர்க்க நான். வெளங்கிடும்.

நாளைக்கு: குடை ரிப்பேர். மண்ணெண்ணெய். கூட்டத்தில் கலங்கல்.

ஐப்பசி 4, செவ்வாய்

மழை. மேர் ஆபீசில் கூட்டம். கலங்கல் பேச்சை எடுத்தேன். மேர் பிரெஞ்சில்: முதலில் அவர் சாவியை மேசைமேல் வைக்கட்டும். தமிழில் சொன்னேன். கோவிந்தசாமி: "மொதல்ல அவரு வைக்கட்டும்னு சொல்லுப்பா." பிரெஞ்சில் சொன்னேன். மத்தியானம் வரை இதேதான். முதலில் வைப்பவர் தாழ்ந்துபோய்விடுவாராம். தொண்டை கட்டிவிட்டது.

இருவரும் ஒரே தெரு. பாதிரியார் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கூட்டம் முடிந்து வெளியே வந்த மேர் மாட்டுக்காரனைப் பார்த்து, "ஜல்தியா ஓட்டிக்கினு போடா, கால்சட்டையெல்லாம் சேறு" என்கிறார். என்ன சுத்தமான தமிழ். பாண்டிச்சேரித் துரை முன்னால் மட்டும் ஒரு வார்த்தை புரியாது. கோவிந்தசாமியோ பிரெஞ்சைக் காதில் வாங்க மாட்டேன் என்று மேடையில் சத்தியம் செய்து ஓட்டு வாங்கியவர். இன்று தாழ்வாரத்தில் ஒதுங்கிப் பிரெஞ்சுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

குடை ரிப்பேர் ஆகவில்லை.

ஐப்பசி 5, புதன்

வாசற்படியில் தண்ணீர். அடுப்பு நனைந்தது. பக்கத்து வீட்டு அந்தோணியின் பின்சுவர் விழுந்தது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் இல்லை. பூட்டை உடைக்கலாம் என்கிறான். கலங்கலில் சிப்பாய் துப்பாக்கியோடு நிற்கிறான்.

சகாயத்தை விழுப்புரம், அவள் அண்ணன் வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

"முழங்கால் தண்ணில வயித்தத் தூக்கிக்கினு எங்கய்யா நடக்கறது? அவுங்க ரெண்டு பேருக்கும் நீதான வாயி. பேஜாரு புடிச்ச வேல. அதால நம்ம தெருவுக்கு என்னா ஆச்சு?"

எனக்குக் கோபம். அவள்மேல் இல்லை.

ஐப்பசி 6, வியாழன்

மழை விடவில்லை. பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சுத் துரை வந்திருந்தார், கூட்டத்தைப் பார்க்க. தமிழ் தெரியாதவர். ஜன்னலுக்கு வெளியே எங்கள் தெரு முழுக்க நனைந்துகொண்டு நின்றது. அவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது.

மேர் பிரெஞ்சில்: முதலில் அவர் வைக்கட்டும்.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. உரக்கத் தமிழில் சொன்னேன்: "மேர் தம் சாவியைத் தரச் சம்மதித்துவிட்டார். இணை மேர் தருவதற்குத்தான் காத்திருக்கிறார்."

ஜன்னலில் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்தோணி அழுதான். கோவிந்தசாமி என்னையே பார்த்தார். மேர் சொன்னது என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தெரியும் என்று எப்படிச் சொல்வார்? வாய்க்குள் முணுமுணுத்தார்: "அவரு வைச்சா நான் எதுக்குத் தடுக்கப்போறேன்."

துரையிடம் பிரெஞ்சில்: இணை மேர் சாவியைத் தரச் சம்மதித்துவிட்டார்.

துரை தலையாட்டி மேரைப் பார்த்தார். மேர் முகம் சிவந்துபோயிற்று. கோவிந்தசாமி சொன்ன தமிழ் அவருக்குப் புரிந்துதான் இருந்தது. அதைத் துரையிடம் சொல்ல முடியுமா?

இரண்டு சாவியும் ஒரே நேரத்தில் மேசைக்கு வந்தன. எது முதலில் என்று நான் பார்க்கவில்லை. எடுத்துக்கொண்டு ஓடிக் கலங்கலைத் திறந்தேன். சாயங்காலத்துக்குள் வாசற்படி தெரிந்தது.

ஐப்பசி 8, சனி

வெயில். வீட்டுக்குள் கணுக்கால் சேறு. சுவர் நிற்கிறது. சகாயம் திட்டிக்கொண்டே வழிக்கிறாள். அதைக் கேட்க நன்றாக இருந்தது.

மேர் ஆபீசிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். போனேன். இருவரும் ஒரே மேசையில், பக்கத்துப் பக்கத்தில். ஓர் உத்தரவை நீட்டினார்கள். மொழிபெயர்ப்பாளர் இன்றோடு வேலையிலிருந்து நீக்கம். காரணம் எழுதவில்லை. என்னவென்று எழுதுவார்கள்? இரண்டு கையெழுத்தும் இருந்தது. தேர்தலுக்குப் பிறகு சண்டையில்லாமல் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம்.

உத்தரவு பிரெஞ்சில் மட்டும். அதில் கோவிந்தசாமியின் கையெழுத்து, மை கூடக் காயவில்லை.

திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து கோவிந்தசாமி கூப்பிட்டார்.

"இருப்பா. அதுல என்னா எழுதிக்கீதுன்னு எனக்குத் தெரியாது. தமிழ்ல ஒண்ணு எழுதி வைச்சுட்டுப் போ."