பதினான்கு பக்கங்கள்

19 நவம்பர் 2058, காலை 6.00

மன்னார் வளைகுடா, மூன்றாம் அளவீட்டு மேடை. சங்கேறித்துறைக் கரைக்குத் தெற்கே ஒன்பது கிலோமீட்டர். காற்று வடக்கிலிருந்து, மணிக்கு 62 கி.மீ. கடல் மேற்பரப்பு வெப்பம் 31.4. பத்துக் கருவிகளில் எட்டு இயங்குகின்றன. பதிபவர் கோமதிநாயகம், கடலியல் விஞ்ஞானி, வயது 68. மேடையில் வேறு யாரும் இல்லை.

நேற்றைய கணிப்பின்படி புயல் வடக்கே விலகியிருக்க வேண்டும். இப்போது நேராக எங்களை நோக்கி வருகிறது. இந்த வளைகுடாவுக்குள் புயல் வருவது முன்பெல்லாம் அபூர்வம். கடல் சூடேறிய பிறகு இது ஐந்தாவது.

காலை 9.15

காற்று 104. மழைமானி உடைந்துவிட்டது. நீர்மட்டம் 1.3 மீட்டர் குறைந்திருக்கிறது. வடகாற்று கரையோரத் தண்ணீரையெல்லாம் எங்களையும் தாண்டித் தெற்கே தள்ளிக்கொண்டு போகிறது. கைபேசிக் கோபுரங்கள் விழுந்துவிட்டன. வானொலி மட்டும் வேலை செய்கிறது.

முற்பகல் 11.20

காற்று நின்றது. வெயில். நாங்கள் புயலின் கண்ணுக்குள் இருக்கிறோம்.

முற்பகல் 11.32

கரையிலிருந்து அழைப்பு. பெர்பெத்துவா, சங்கேறித்துறை நடுநிலைப்பள்ளியின் அறிவியல் ஆசிரியை. தினமும் காலையில் பள்ளி வானொலியில் என்னிடம் காற்று நிலவரம் கேட்பவர். நேரில் பார்த்ததில்லை.

“சார், புயலு கடந்துருச்சு. ஓடு ரெண்டு பறந்ததோட சரி. கடலு அரை மைலு உள்வாங்கிக் கெடக்கு. சனமெல்லாம் சங்கு பொறுக்க எறங்கிட்டாக. நம்ம பிள்ளைகளும் போயிருக்குதுக.”

“கடக்கல டீச்சர். பாதிதான் முடிஞ்சிருக்கு. இன்னும் முக்கால் மணி நேரத்துல காத்து தெற்கேருந்து அடிக்கும். ஒதுங்கின தண்ணி மொத்தமும் ஊருக்குள்ள வரும். எல்லாரையும் பள்ளிக்கூட மாடிக்கு ஏத்துங்க.”

“மாதாவே…”

கருவியை அப்படியே போட்டுவிட்டு ஓடும் சத்தம் கேட்டது.

முற்பகல் 11.49

“கோயில் மணி அடிக்கச் சொல்லியிருக்கேன் சார். பாதிப் பேரு நம்ப மாட்டேங்காக. காத்துதான் நின்னுருச்சேங்காக. அவுகளச் சொல்லி என்ன செய்ய? நானே பதினெட்டு வருசமா சயின்ஸ் நடத்துறேன், இப்பிடித் திரும்பி வரும்னு புஸ்தகத்துல ஒரு வரி கெடையாது. நான் படிச்சப்பவும் இல்ல. ஒங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரியும்?”

“அப்புறம் சொல்றேன். போய் இழுத்துட்டு வாங்க.”

முற்பகல் 11.56

காத்திருப்பதைத் தவிர எனக்கு இங்கே வேலை இல்லை. எழுதிவிடுகிறேன்.

2030இல் எட்டாம் வகுப்பு அறிவியல் நூலுக்கான குழுவில் நான் இருந்தேன். காலநிலை மாற்றம் பற்றிய பாடத்தை எழுதியது நான். பதினான்கு பக்கங்கள். சூடேறும் கடல், இனி எங்கெல்லாம் புயல் வரும், கண் கடக்கும்போது என்ன நடக்கும், உள்வாங்கிய கடல் எப்படித் திரும்பும். ஒவ்வொரு பள்ளியும் தன் ஊரின் மேட்டுநிலத்தை அளந்து வரைபடம் போடும் செய்முறையும் இருந்தது.

கடைசிக் கூட்டத்தில், நூல் கனமாகிறது, இந்தப் பாடம் பிள்ளைகளைப் பயமுறுத்தும் என்றார்கள். நான் அரை மணி நேரம் வாதாடியிருந்தால் போதும். ஐந்தரை மணிக்கு எனக்கு ரயில். “அப்படியானால் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டுவிடலாமே” என்று சொன்னவன் நான்தான். அடுத்த பதிப்பில் பெட்டியும் போயிற்று. அதற்கும் கையெழுத்துப் போட்டேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. ரயிலில் நன்றாகத் தூங்கினேன்.

ஓய்வு பெற்ற பிறகு, யாரும் வர விரும்பாத இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன். துணிச்சல் என்றார்கள். கரையில் பள்ளி விடும் நேரத்தில் சாலையில் நடக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

பிற்பகல் 12.11

தெற்குக் காற்று. ஐந்தே நிமிடத்தில் 90. முக்கால் மணி நேரம் என்று நான் சொன்ன கணக்கில்கூட ஆறு நிமிடம் குறைந்து

பிற்பகல் 12.24

நீர்மட்டம் +1.9. இன்னும் ஏறுகிறது. கீழ்த்தளம் மூழ்கிவிட்டது. இந்தப் பதிவுக் கருவியின் மின்கலம் 11 சதவீதம்.

பிற்பகல் 12.38

“சார்… கேக்குதா? மாடியில இருக்கோம். தண்ணி கீழ்வகுப்பு சன்னல்வரைக்கும் வந்துருச்சு. எரநூத்திப் பத்துப் பேருக்கு மேல ஏத்திட்டோம். சில பேரு… கைக்கெட்டுற தூரத்துல சார்…”

“டீச்சர், அந்தப் பாடம் இருந்துச்சு. எழுதுனவன் நான். அதை எடுக்கச் சொன்னவனும் நான்தான்.”



“இதை எதுக்கு சார் இப்ப எங்கிட்டச் சொல்றீக?”



பிற்பகல் 12.46

காற்று 131. +2.8. மேல்தளத்தில் தண்ணீர். கருவியை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெர்பெத்துவாவின் வானொலிப் பொத்தான் அழுந்தியபடி இருக்கிறது போலும். நான் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. வருகைப் பதிவு எடுக்கிறார்.

“ஜெனோவா.”
“உள்ளேன் மிஸ்.”
“கஸ்பார்.”
“உள்ளேன் மிஸ்.”
“முகமது ரியாஸ்.”
“உள்ளேன்.”
“ரெமிஜியா.”

“ரெமிஜியா.”

“ஏட்டி ரெமிஜியா… யாரும்மா அவகூட வந்தது? யாரு கையப் பிடிச்சிருந்தா?”

மின்கலம் 3. அடுத்த பெயரை அவர் கூப்பிடவில்லை. திரும்பவும் ரெமிஜியா என்கிறார். திரும்பவும்