படத்தில் இல்லாத ஒரு வயர்

என் அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், அங்கே உன் சௌக்கியம் அறிய ஆவல் என்று எழுதிப் பழகிய கை இது. இன்று முதல் பாதியை எழுத வரவில்லை, அதனால் இரண்டாவது பாதியை மட்டும் வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும், உன் முதுகு வலி குறைந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது அம்மாவுக்கு லேசான காய்ச்சல், இப்போது பரவாயில்லை என்று பூசி மெழுகினேனே, அது பொய். உன் அம்மா நாலு நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். மூச்சுக்கு மாஸ்க் மாட்டியிருந்தார்கள். போனில் சொல்லலாம் என்றால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் ஐந்தாறு வருஷத்துக்குப் பிறகு பேனாவைத் தேடி எடுத்தேன். கடிதத்தைப் பிரித்ததும் டிக்கெட் போட ஓடாதே, முதலில் முழுக்கப் படி.

ஜீப்பிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், எனக்கு வேறு எங்கிருந்தும் ஆரம்பிக்கத் தெரியாது. தார் ரோட்டிலிருந்து நம் வீட்டுக்கு வரும் கல்பாதையை நீ பார்த்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். இப்போது ஓடையில் இறங்கித்தான் ஏற வேண்டும், நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி தவிர வேறு எதுவும் வராது, ஆம்புலன்ஸ்காரர்கள் தார் ரோட்டிலேயே நின்று போன் செய்கிறார்கள். ரிடையர் ஆனதும் இங்கேதான் வீடு கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான், அதை நீ எழுதிச் சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும். உன் சித்தி டவுனில் தன் வீட்டு மாடியைக் காலி செய்து தருகிறேன் என்றாள், உன் அம்மாதான் அசையவில்லை. ஆக, செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த ஜீப்தான். அவளுடைய சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையில் பாதியை ஆஸ்பத்திரி மெஷின் செய்கிறது, மீதியை நான் ஸ்பேனரும் கையுமாகச் செய்கிறேன் என்று டாக்டரிடமே பெருமையடித்திருக்கிறேன். காற்று வடிகட்டியைத் தட்டுவது, அடிப்பாகத்துச் சேற்றைக் கழுவி கிரீஸ் வைப்பது, பேட்டரி முனையில் வாஸ்லின் தடவுவது எல்லாம் தவறாமல் நடக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் வயர் கட்டியவன், வண்டியில் ஒரு வயர் தொங்கினால் எனக்குச் சோறு இறங்காது.

அவளுக்காக நான் செய்து வைத்ததை நீ பார்த்தால் சிரிப்பாய். இடது பக்க சீட்டுக்கு மேலே படிக்க ஒரு குட்டி விளக்கு, டேஷ்போர்டு ஓரத்தில் ஒரு சின்ன விசிறி, மேலே பிடித்து ஏற ஒரு கைப்பிடி, அதற்கு அவள் தைத்த உறை. ஒவ்வொரு வயரும் கறுப்புக் குழாய்க்குள், இரும்பில் உரசும் இடத்திலெல்லாம் ரப்பர் வளையம், சாண் இடைவெளிக்கு ஒரு கட்டு. டேப்பை நான் பல்லால் கடித்துத்தான் கிழிப்பேன் என்பது உனக்குத் தெரியும், அவள் தையல் கத்தரியை எடுத்துக்கொண்டு வந்து, பல்லு மிச்சம் இருக்கிற வரைக்கும் கடிங்க, அப்புறம் இதைத் தரேன் என்பாள். நான் வாங்கியதே இல்லை. நீ வரைந்து கொடுத்த வயரிங் படம் இன்னும் பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. எந்தச் சாமான் புதிதாக மாட்டினாலும் அந்தப் படத்தில் ஏற்ற வேண்டும், எல்லாம் சாவி வழியாகத்தான் போக வேண்டும் என்று நீயும் நானும் போட்ட சட்டம். இரண்டு மாதம் முன்னால் அந்தச் சட்டத்தை நானே மீறினேன். டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவளுக்குக் குளிர் தாங்காது, பல் தந்தியடிக்கும். நான் மருந்து வாங்கப் போகும்போது சாவி என் சட்டைப் பையில், அவள் வண்டியில் தனியாக நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதனால் சீட் உறைக்குள் சூடு தருகிற ஒரு மெத்தையை வைத்து, சாவி இல்லாமலே சூடாகட்டும் என்று பேட்டரியிலிருந்து நேராக லைன் இழுத்தேன். பொத்தான் சீட்டுக்கு அடியில், அவள் கை விழும் இடத்தில். தொட்டுப் பார்த்தால் போட்டதா அணைத்ததா என்று தெரியாத அமுக்குப் பொத்தான், அதனால் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கும் வைத்தேன். அவளுக்குத் திடீரென்று காட்ட வேண்டும் என்ற குஷியில் படத்தில் ஏற்றாமல் விட்டுவிட்டேன், பிறகு மறந்தே போனது.

போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பினேன். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்றால் நம் வாசல் பள்ளம், தள்ள நான் ஒருவன். உன் அம்மா வாசல்படியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். இன்னைக்குப் போக முடியலைன்னா விடுங்க என்றாள், சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அவள் மீது எரிந்து விழுந்தேன். தார் ரோட்டு மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். ஒருநாளும் அவசரப்படாததால் அவனுக்கு ஊரே அவசரம் என்று பேர் வைத்திருக்கிறது, ஆனால் அன்றைக்கு அவன் மேல் தப்பில்லை, போன் செய்த கொஞ்ச நேரத்தில் கொட்டிய மழையில் ஓடை இடுப்பளவு ஓடியது. மறுநாள் மதியம்தான் தண்ணீர் வடிந்து, வேறு பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு அவன் நடந்தே வந்தான். அதற்குள் அவளுக்குக் கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கியது. எப்படிப் பேட்டரியை மாட்டினேன், எப்படி ஓட்டினேன் என்று கேட்காதே, பாதி வழி நினைவில்லை. டாக்டர், உன் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, ஒரு பேட்டரியைப் பார்த்துக்கத் தெரியாதா சார், இன்னும் அரை நாள் ஆகியிருந்தா எங்கிட்ட கொண்டுவந்தே பிரயோஜனமில்லை என்று வராந்தாவில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். எனக்கு மானம் போனதாகத் தோன்றவில்லை. இன்னும் திட்டினால் தேவலை என்றுதான் இருந்தது.

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரி வளாகத்தில் பார்த்தால் அந்தப் புது பேட்டரியும் செத்திருந்தது. அங்கே ஜெனரேட்டர் பார்க்கிற எலக்ட்ரீஷியனிடம் மீட்டரை இரவல் வாங்கி, அவரிடமிருந்த பேட்டரியையே வைத்துச் சோதித்தேன். எல்லாம் அணைத்திருக்கும்போதும் முள் நான்கு ஆம்பியரில் நின்றது, எதுவோ கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தது. உன் படத்தைப் பார்த்து ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கினேன், கடைசிப் பியூஸ் வரை பிடுங்கியும் முள் அசையவில்லை. படத்தில் இருப்பதெல்லாம் முடிந்துவிட்டது. பிறகுதான் படத்தில் இல்லாதது ஞாபகத்துக்கு வந்தது. மண்டிபோட்டு சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பொத்தானை அமுக்கினேன், முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. என் தலையில் நானே அடித்துக்கொண்டேன், வேலை செய்யும்போது முழங்கை பட்டிருக்கும், சிவப்பு விளக்கு எரிந்ததைக்கூட கவனிக்காத குருடன் என்று. அந்த விளக்கு எங்கே என்று குனிந்து பார்த்தேன் கண்ணு. அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு. நான்கு ஓரமும் நேராக, கத்தரியால் வெட்டினது.

அங்கேயே சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். புதன்கிழமை மாலை, சால்வையை வண்டியிலேயே விட்டுட்டேன், எடுத்துட்டு வரேன் என்று அவள் போனது நினைவுக்கு வந்தது. விசிறி போட்டால் சத்தம் கேட்கும், விளக்கு போட்டால் ஜன்னல் வழியே எனக்குத் தெரியும். சத்தமும் வெளிச்சமும் இல்லாதது அந்த மெத்தை ஒன்றுதான். அவள் குளிரக்கூடாது என்று நான் செய்ததை வைத்தே வண்டியைக் கொன்றிருக்கிறாள். வெள்ளிக்கிழமை மூச்சு முட்ட அதன் மேல்தான் உட்கார்ந்து வந்தாள், சூடு தெரிந்திருக்கும், ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது என்று உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாற்பது வருஷம் கூட இருந்தவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியவில்லை என்ற கோபம். வயரில் பழுது என்றால் ஒரு நாளில் கண்டுபிடித்துவிடுவேன், இதை எந்த மீட்டரை வைத்துப் பார்ப்பது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றும் கேட்காமல் ஒரு வேலை மட்டும் செய்தேன். பேட்டரியையே மொத்தமாகத் துண்டிக்கிற ஒரு திருகு சுவிட்ச் மாட்டினேன், அதற்குச் சிவப்பாக ஒரு தனிச் சாவி, கழற்றி எடுத்துவிட்டால் வண்டி வெறும் இரும்பு. படத்திலும் ஏற்றிவிட்டேன், மெத்தையையும் சேர்த்து. நேற்று மதியம் சாவியைக் கொண்டுபோய் அவள் மாத்திரை டப்பா மேல் வைத்து, இனி இது இல்லாமல் வண்டிக்குக் கரண்ட் வராது, உன்னிடமே இருக்கட்டும் என்றேன். அவள் சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டேப்பைப் பார்த்துட்டீங்களா என்றாள். தலையை ஆட்டினேன். மூணு வருஷமா செவ்வா, வியாழன், சனி, நடுவுல ஒரே ஒரு நாள் எனக்குன்னு கேட்டா குடுத்திருப்பீங்களா, மாட்டீங்க, அதான் கேக்கலை என்றாள். இனிமேல் என்று கேட்டேன். தெரியலை என்றாள். நான் வெளியே போய் ஏற்கெனவே சுத்தமாக இருந்த வயரைத் துணி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் வாழ வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை, அந்த ஆசைதான் அவளை அழுத்துகிறதோ என்று நினைத்தால் மூச்சுவிடவே பயமாக இருக்கிறது.

நீ போனில் அழாதே, டேப்பைப் பற்றி வாயே திறக்காதே. வழக்கம்போல அவளிடம் ஏதாவது சமையல் கேள், உன் மாமியாரைப் பற்றிக் குறை சொல், அதில் அவளுக்கு ஒரு தனி உற்சாகம். உடனே வரச் சொல்லவில்லை, ஆனால் வருவதாக இருந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு போவதற்காக வராதே, அவளிடம் கேட்பதற்காக வா. குளிர் நாட்டில் இருக்கிறாய், உன் கார் பேட்டரியையும் பார்த்து வை, முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவு. முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார். நீயும் அவரும் நோய் நொடி இல்லாமல், மனதில் உள்ளதை ஒருவருக்கொருவர் மறைக்க வேண்டிய நிலைமை வராமல், நீடூழி வாழ வேண்டும்.

இன்று திங்கட்கிழமை. நாளைக் காலை ஆறு மணிக்கு பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன், கூப்பிட மாட்டேன். இங்கே தபால் பெட்டி என்று ஒன்று இருப்பது ஆஸ்பத்திரி வாசலில்தான், உனக்குத் தெரியும். அதனால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்திருந்தால், அந்தச் செவ்வாய்க்கிழமை உன் அம்மா சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள் என்று தெரிந்துகொள். வியாழக்கிழமைக்கு நான் உறுதி சொல்ல முடியாது.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அப்பா