இரு பக்கமும் ஒரே கோடு

1941, ஆவணி 7

ஆஸ்பத்திரியில் டாக்டராகச் சேர்ந்த மூன்று வாரத்தில், இன்றுதான் பெரிய டாக்டரை மறுத்துப் பேசினேன்.

அரிமளத்துக்காரர் ஒருவரை, கண்மாய்த் தண்ணீர்ச் சண்டையில் அவர் மைத்துனன் மண்வெட்டிக் காம்பால் இடப்பக்கத் தலையில் அடித்துவிட்டான். எக்ஸ்ரே படத்தில் ஒரு கோடு தெரிந்தது. 'எலும்பு விரிசல்' என்று போலீசுக்கு எழுதித்தரப் பேனாவைத் திறந்தார் பெரிய டாக்டர். எழுதினால் மைத்துனனுக்குச் சிறைதான். அடிபட்டவரின் மனைவி கதவருகே அழுதபடி நின்றாள். அடித்தவன் அவளுடைய ஒரே தம்பி.

அந்தக் கோடு கிளை பிரிந்து போனது எனக்கு உறுத்தியது. அடிபடாத வலப்பக்கப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே கோடு.

"இது ரத்தக்குழாய் பதிந்த தடம், சார். சிலருக்குப் பிறவியிலேயே இப்படி அகலமா இருக்கும்" என்று தயங்கி மெல்லச் சொன்னேன்.

"என்னம்மா? காதுல விழலை."

அவருக்குக் கேட்கவில்லை. கதவருகே நின்றவளுக்குக் கேட்டுவிட்டது.

"மண்டை ஒடையலையாங்க!" என்று வராந்தா அதிரக் கத்தினாள்.

பெரிய டாக்டர் இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். சரிதான் என்று பேனாவை மூடினார்.

கட்டிலிலிருந்து கணவர் முனகினார். "அடி வாங்குனவன் நானு. ஒந் தம்பி தப்பிச்சதுக்கா இம்புட்டுச் சந்தோசம்?"

"மொதல்ல அவன் இங்கிட்டு வரட்டுங்க. அவன் மண்டைய நான் ஒடைக்கிறேன்!"